மெடிகேரில் ரிஹாப் 100 நாள் இலவசமா? விவாத இழை

2026 ஜனவரி 12, திங்கள், காலை 8:10 / கேட்டவர்
அம்மாவுக்கு 79 வயசு. வியாழன் ராத்திரி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆச்சு. அமெரிக்காவுல 65 வயசு தாண்டினவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர் இருக்கு; அரசே நேரடியா நடத்துற ஒரிஜினல் மெடிகேர்தான், தனியார் கம்பெனி நடத்துற அட்வான்டேஜ் இல்லை. ஆஸ்பத்திரி கேஸ் மேனேஜர், தேறுற வரை தங்கி நர்சிங், தெரபி எடுத்துக்குற ரிஹாப் இடங்களோட பட்டியலைக் கையில கொடுத்து "நாளைக்குள்ள சொல்லுங்க"ன்னு போயிட்டாங்க. மெடிகேர் இருந்தா 100 நாள் இலவசம்னு எங்க வாட்ஸாப் குழுவுல எல்லாரும் சொல்றாங்க. அப்ப பணத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்தானே?

ஜனவரி 12, காலை 8:55 / பதில் சொல்லும் அண்ணா (பெயர் போடாத பதிவுகள் இவருடையவை)
தம்பி, அந்த வாட்ஸாப் செய்தியில் 100 என்ற எண் மட்டும்தான் சரி. 100 நாள் என்பது உச்சவரம்பு. முதல் 20 நாளுக்கு நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. 21ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை, இந்த 2026ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு நாளைக்கு 217 டாலர் நோயாளியின் பங்கு. போன வருஷம் 209.50 ஆக இருந்தது. 80 நாளும் இருந்தால் 17,360 டாலர். 101ஆம் நாள் முதல் முழுச் செலவும் உங்களுடையது.

அந்த 20 நாளாவது நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. "தினமும் திறன் சார்ந்த நர்சிங் அல்லது தெரபி தேவை" என்று ஆவணத்தில் இருக்கும் வரைதான் மெடிகேர் கட்டும். அந்தத் தேவை முடிந்துவிட்டது என்று 12ஆம் நாளில் தீர்மானித்தால், 12ஆம் நாளோடு நின்றுவிடும்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா "இன்பேஷன்ட்" (உள்நோயாளி) ஆக எந்தத் தேதி, எந்த மணிக்குச் சேர்க்கப்பட்டார் என்று கேஸ் மேனேஜரிடம் கேளுங்கள். "அட்மிட் ஆயிட்டாங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். டாக்டர் ஆர்டர் போட்ட நேரம் வேண்டும்.

ஜனவரி 12, காலை 11:30 / கேட்டவர்
கேட்டேன் அண்ணா. வெள்ளி காலை 10:40னு சொன்னாங்க. ஆனா வியாழன் ராத்திரி 9 மணிக்கே எமர்ஜென்சிக்கு வந்துட்டோமே?

ஜனவரி 12, பகல் 12:15
வியாழன் இரவு கணக்கில் வராது. எமர்ஜென்சியில் கிடந்த நேரமும் "அப்சர்வேஷன்" (உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் வைக்கும்) நேரமும் மெடிகேர் கண்ணில் வெளிநோயாளி நேரம். கட்டில், கையில் கட்டிய பட்டை, ட்ரிப், சாப்பாடு எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் எண்ணத் தொடங்குவது ஆர்டர் போட்ட பிறகுதான். முன்தேதியிட்டு ஆர்டர் போடவும் முடியாது.

விதி: தொடர்ச்சியாக 3 நாள் இன்பேஷன்ட். சேர்ந்த நாளை எண்ணலாம், வெளியேறும் நாளை எண்ணக் கூடாது. நள்ளிரவை எண்ணினால் குழப்பமே வராது. உங்கள் அம்மாவுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நள்ளிரவு கடந்துவிட்டது. நாளை செவ்வாய் ரிஹாபுக்குப் போனால் நான்கு. பிரச்சினை இல்லை. ஞாயிறே "படுக்கை கிடைத்துவிட்டது, கிளம்பலாம்" என்று அனுப்பியிருந்தால் இரண்டுதான் இருந்திருக்கும். ரிஹாபின் முதல் நாள் பில்லிலிருந்தே முழுத் தொகையும் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும்.

மருத்துவமனையை விட்டு 30 நாளுக்குள் ரிஹாபில் சேர வேண்டும். அந்த இடம் மெடிகேர் சான்று பெற்ற ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டியாக (திறன் சார்ந்த நர்சிங், தெரபி தரும் இடம்) இருக்க வேண்டும். அசிஸ்டட் லிவிங் (அன்றாட வேலைக்கு உதவியோடு தங்கும் விடுதி) இதில் சேராது, எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.

ஜனவரி 12, பகல் 1:05 / பில்லிங் பக்கம் இருப்பவர்
ஒரு திருத்தம். மூன்று நாள் விதிக்கு விலக்கு உண்டு. சில ஏ.சி.ஓ அமைப்புகளில் (டாக்டர்களும் மருத்துவமனைகளும் கூட்டாக நோயாளியைக் கவனிக்கும் அமைப்பு) இருக்கும் நோயாளிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஜனவரி 1 முதல் "டீம்" என்ற கட்டணத் திட்டமும் தொடங்கிவிட்டது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் உள்ள மருத்துவமனைகளுக்குக் கட்டாயம். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, இடுப்பு மற்றும் தொடை எலும்பு முறிவு அறுவை, முதுகெலும்பு இணைப்பு, பைபாஸ், பெரிய குடல் அறுவை இவற்றுக்கு மூன்று நாள் இல்லாமலே ரிஹாப் அனுப்பலாம். ஆனால் அந்த ரிஹாப் மெடிகேரின் தர மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்கியிருக்க வேண்டும்.

ஜனவரி 12, பகல் 1:20
நல்ல திருத்தம், சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் விலக்கை நம்பிக் கிளம்புபவர்கள் "இந்த அட்மிஷனுக்கு விலக்கு பொருந்துகிறது" என்பதை மருத்துவமனை, ரிஹாப் இரண்டு பக்கமும் உறுதிசெய்த பிறகே ஆம்புலன்ஸ் ஏறுங்கள். கோவிட் காலத்தில் எல்லாருக்கும் இருந்த பொது விலக்கு 2023 மே 11உடன் முடிந்துவிட்டது. அதை இன்னும் இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு.

ஜனவரி 12, மாலை 6:40
அப்சர்வேஷனைப் பற்றிப் பகலில் அவசரமாக எழுதிவிட்டேன், முழுதாகச் சொல்ல வேண்டும்.

அப்சர்வேஷனில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் மருத்துவமனை ஒரு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். "மூன்" என்பார்கள். அது 36 மணி நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும். 2017 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை வாங்கியவுடன் வார்டு டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இன்னும் இரண்டு நள்ளிரவு மருத்துவமனையில் இருக்க வேண்டிய நிலையா? அப்படியென்றால் ஏன் இன்பேஷன்ட் ஆக்கவில்லை?" 2013 அக்டோபர் முதல் உள்ள இரண்டு நள்ளிரவு விதி அதைத்தான் சொல்கிறது. மருத்துவத் தேவை இரண்டு நள்ளிரவைக் கடக்கும் என்று டாக்டர் எதிர்பார்த்தால் இன்பேஷன்ட் சேர்க்கை பொருந்தும். குடும்ப டாக்டரையும் போனில் பேசவையுங்கள். நர்ஸிடம் கோபப்பட்டுப் பயனில்லை, ஆர்டர் அவர் கையில் இல்லை.

இன்னொரு வகை இருக்கிறது. முதலில் இன்பேஷன்ட் ஆகச் சேர்த்துவிட்டு, மருத்துவமனையின் பரிசீலனைக் குழு பிறகு அப்சர்வேஷனாக மாற்றிவிடும். இதற்கு நீண்ட காலம் மேல்முறையீடே கிடையாது. வழக்குப் போட்டு, பல வருஷம் இழுத்து, 2025 பிப்ரவரி 14 முதல்தான் உரிமை கிடைத்தது. மாற்றினால் தனி நோட்டீஸ் தர வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போதே விரைவு மேல்முறையீடு செய்யலாம். ஆரம்பத்திலிருந்தே அப்சர்வேஷன் என்றால் இந்தக் கதவு திறக்காது.

ஜனவரி 12, இரவு 9:15 / கேட்டவர்
அம்மாகிட்ட மெடிகேப் (மெடிகேர் விடுற பங்கைக் கட்டுற தனியார் காப்பீடு) இருக்கு அண்ணா, ப்ளான் ஏ. மெடிகேர்ல ஆஸ்பத்திரி, ரிஹாப் செலவுக்கான பகுதி பார்ட் ஏ, அந்த பார்ட் ஏ-வுக்கு ப்ளான் ஏ. அப்ப அந்த 217 அதுல வந்துடும்ல?

ஜனவரி 12, இரவு 9:30
வராது தம்பி. பெயர் ஒன்றுபோல இருப்பதால் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். மெடிகேரின் "பார்ட்" வேறு, மெடிகேப்பின் "ப்ளான்" வேறு. ரிஹாப் பங்குத் தொகையை முழுவதும் கட்டுவது சி, டி, எஃப், ஜி, எம், என். கே பாதி கட்டும், எல் முக்கால் கட்டும். ஏ, பி இரண்டும் ஒரு டாலரும் கட்டாது. சி, எஃப் 2020 ஜனவரி 1க்குப் பிறகு மெடிகேர் தகுதி பெற்றவர்களுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் எழுத்து முறையே வேறு.

ஆகவே உங்களுக்கு 21ஆம் நாள் முதல் கையிலிருந்துதான். நாளை 13ஆம் தேதி சேர்ந்தால் 20ஆம் நாள் பிப்ரவரி 1. பிப்ரவரி 2இலிருந்து மீட்டர் ஓடும். வருமானம் குறைவாக இருந்தால் மாநில மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) அலுவலகத்தில் கியூ.எம்.பி திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அதில் இருப்பவரிடம் மெடிகேர் பங்குத் தொகையை வசூலிக்கவே கூடாது.

ஜனவரி 13, காலை 7:00
இன்று கையெழுத்துப் போடும் நாள் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

ரிஹாபின் சேர்க்கை ஒப்பந்தம் இருபது முப்பது பக்கம் இருக்கும். அதில் மகனோ மகளோ கையெழுத்திடும் இடத்தில் "ரெஸ்பான்சிபிள் பார்ட்டி" என்று இருக்கும். படித்துப் பாருங்கள். மூன்றாம் நபர் சொந்தப் பணத்துக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று சேர்க்கைக்கு நிபந்தனை போடக் கூடாது. 1987ஆம் ஆண்டு நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் அதைத் தடுக்கிறது. அம்மாவே கையெழுத்திட முடிந்தால் அவர் இடட்டும். முடியாவிட்டால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "அம்மாவின் சார்பில், பிரதிநிதியாக மட்டும்" என்று பொருள்படும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். மெடிகேர் கட்டும் நாட்களுக்கு முன்பணம் கேட்டால் தர வேண்டாம்.

மெடிகேர் கட்டும் தொகைக்குள் இருப்பவை: இருவர் பகிரும் அறை, சாப்பாடு, நர்சிங், தெரபி, அங்கே தரும் மாத்திரை மருந்துகள், கட்டுத்துணி போன்ற பொருட்கள். மருந்துக்காகப் பார்ட் டி (மெடிகேரின் மருந்துக் காப்பீடு) அட்டையை நீட்டச் சொன்னால் ஏதோ தவறு. டாக்டர் வந்து பார்ப்பது மட்டும் பார்ட் பி-யில் (டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதி) தனியாக வரும். தனி அறை வேண்டும் என்றால், மருத்துவக் காரணம் இல்லாதவரை, கூடுதல் பணம் உங்களுடையது.

ஜனவரி 15, இரவு 8:20 / தெரபி பக்கம் இருக்கும் அக்கா
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பணத்தை நிறுத்துவது எது என்று சொல்கிறேன். தெரபிக்காக இருப்பவர் என்றால் வாரத்துக்கு 5 நாளாவது தெரபி நடக்க வேண்டும். நர்சிங் தேவைக்காக என்றால் 7 நாள். நம் ஊர்ப் பெரியவர்கள் காலை 8 மணிக்கு வரும் தெரபிஸ்டிடம் "இன்னும் குளிக்கலம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தலையை ஆட்டிவிடுவார்கள். மரியாதைக்குச் சொன்ன சொல். கணினியில் "மறுத்துவிட்டார்" என்று பதிவாகும். இப்படி நான்கைந்து சேர்ந்தால் "பங்கேற்கவில்லை" என்பது கவரேஜ் நிறுத்தக் காரணமாகிவிடும்.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: குளியல், பூஜை, காபி முடிந்து 10 மணிக்கு மேல் தெரபி வையுங்கள் என்று. வலி மாத்திரையைத் தெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தரச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராதவர் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இலவசமாக ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம்.

ஜனவரி 15, இரவு 9:05
அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே மிக உபயோகமானது. சேர்ந்த சில நாளில் கேர் பிளான் கூட்டம் நடக்கும். அதில் உட்கார்ந்து வீட்டில் எத்தனை படி இருக்கிறது, குளியலறை எப்படி, பகலில் யார் துணை என்பதையெல்லாம் சொல்லுங்கள். "வீட்டில் 14 படி ஏறினால்தான் படுக்கையறை" என்பது இலக்காகப் பதிவானால், படி ஏறிப் பழகும் வரை தெரபிக்குக் காரணம் இருக்கிறது. சொல்லாவிட்டால் சமதரையில் வாக்கர் பிடித்து 150 அடி நடந்ததும் "இலக்கை எட்டிவிட்டார்" என்று முடித்துவிடுவார்கள்.

ஜனவரி 16, காலை 10:10 / பில்லிங் பக்கம் இருப்பவர்
அந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மெடிகேர் ரிஹாபுக்குப் பணம் தருவது 2019 அக்டோபர் 1 முதல் பி.டி.பி.எம் என்ற முறையில். அதற்கு முன்னால் எத்தனை நிமிடம் தெரபி தந்தோம் என்பதை வைத்துப் பணம் வந்தது. இப்போது நோயாளியின் நிலையை வைத்து நாளுக்கு இவ்வளவு என்று வருகிறது. 20 நாள் கழிந்தால் பிசிகல், ஆக்குபேஷனல் தெரபிப் பங்கு ஒவ்வொரு 7 நாளுக்கும் 2 சதவீதம் குறைந்துகொண்டே போகும். நோயாளியின் பங்குத் தொகையும் அதே 21ஆம் நாளில்தான் தொடங்குகிறது. 20ஆம் நாளை ஒட்டி டிஸ்சார்ஜ் பேச்சு ஏன் எழுகிறது என்பது இப்போது புரியும். அது மருத்துவக் காரணமா என்று கேட்பதில் தவறே இல்லை.

ஜனவரி 24, இரவு 10:30 / நியூஜெர்சி வாசகி
கொஞ்சம் விலகிப் போகிறேன். மாமனார் மாமியார் கிரீன் கார்டில் வந்து நான்கு வருஷம் ஆகிறது. இந்த ரிஹாப் வசதி அவர்களுக்குக் கிடைக்குமா?

ஜனவரி 25, காலை 9:00
இப்போது இல்லை. 65 வயது முடிந்து, கிரீன் கார்டோடு 5 வருஷம் தொடர்ந்து இங்கே வசித்த பிறகு மெடிகேரில் சேரலாம். இங்கே வேலை பார்த்து 40 காலாண்டு (மொத்தம் 10 வருஷம்) சேராதவர்களுக்குப் பார்ட் ஏ இலவசம் இல்லை, விலைக்கு வாங்க வேண்டும். 2026இல் மாதம் 565 டாலர். 30 முதல் 39 காலாண்டு இருந்தால் 311. பார்ட் ஏ வாங்க பார்ட் பி-யும் எடுத்தே ஆக வேண்டும், அது 202.90. கணவனின் காலாண்டு மனைவிக்கு உதவும்; பிள்ளைகளின் வேலை வரலாறு பெற்றோருக்கு உதவாது. நிறையக் குடும்பங்கள் மலிவாக இருக்கிறதென்று பார்ட் பி மட்டும் எடுத்துவிடுகின்றன. ரிஹாபில் தங்கும் செலவு முழுக்கப் பார்ட் ஏ-யில்தான் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு மெடிகேர் கிடையவே கிடையாது.

ஜனவரி 25, காலை 9:40
அட்வான்டேஜ் திட்டம் பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு. பெரும்பாலும் முன்அனுமதி தேவை, நெட்வொர்க்கில் உள்ள ரிஹாப்தான். மூன்று நாள் விதியைப் பல திட்டங்கள் கேட்பதில்லை, அது நல்லது. பங்குத் தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். "எவிடென்ஸ் ஆஃப் கவரேஜ்" புத்தகத்தில் ரிஹாப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அனுமதி மறுத்தால் விரைவு மேல்முறையீடு கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். 2024 முதல் இந்தத் திட்டங்களும் ஒரிஜினல் மெடிகேரின் அளவுகோல்களையே பின்பற்ற வேண்டும். டாக்டரின் கடிதத்தில் "இன்னின்ன திறன் சார்ந்த சேவை தினமும் தேவை, வீட்டில் தர முடியாது" என்ற வரி இருக்கட்டும். "பாட்டி பலவீனமாக இருக்கிறார்" என்று எழுதினால் போதாது.

பிப்ரவரி 10, மாலை 5:45 / கேட்டவர்
அண்ணா, அவசரம். "நோட்டீஸ் ஆஃப் மெடிகேர் நான்-கவரேஜ்"னு, மெடிகேர் இனிமே கட்டாதுன்னு சொல்ற ஒரு தாள் கொடுத்து கையெழுத்துக் கேட்கிறாங்க. கடைசி நாள் பிப்ரவரி 12. முன்னேற்றம் நின்னுபோச்சாம். அம்மா இன்னும் மூணு படிக்கு மேல ஏறல.

பிப்ரவரி 10, மாலை 5:58
கையெழுத்துப் போடுங்கள்; "பெற்றுக்கொண்டேன்" என்றுதான் அதற்கு அர்த்தம், சம்மதம் இல்லை. தேதியும் நேரமும் எழுதுங்கள். நாளை புதன், பகல் 12 மணிக்குள் அந்தத் தாளில் உள்ள கியூ.ஐ.ஓ (மெடிகேருக்காக இந்த மேல்முறையீட்டை விசாரிக்கும் வெளி அமைப்பு) எண்ணுக்கு அழைக்க வேண்டும். கவரேஜ் முடியும் நாளுக்கு முந்தின நாள் நண்பகல்தான் கெடு. முடிந்தால் இன்றே கூப்பிட்டுவிடுங்கள். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, கேஸ் எண் என்ன என்று குறித்துவையுங்கள். கியூ.ஐ.ஓ கேட்டதும் ரிஹாப் உங்களுக்கு விரிவான காரணம் எழுதிய இன்னொரு தாள் தர வேண்டும். ஓரிரு நாளில் முடிவு வந்துவிடும்.

"முன்னேற்றம் நின்றுவிட்டது" என்பது மட்டும் காரணம் ஆகாது. ஜிம்மோ வழக்கில் 2013இல் ஏற்ற உடன்பாடு அதைத் தெளிவாக்கியது: இருக்கும் நிலையைக் காப்பாற்றவோ மோசமாவதைத் தடுக்கவோ திறன் சார்ந்த சேவை தேவைப்பட்டாலும் மெடிகேர் கட்டும். போனில் இந்த மூன்றைச் சொல்லுங்கள்: வீட்டுப் படி இலக்கு இன்னும் எட்டவில்லை, தனியாகச் செய்தால் விழும் அபாயம், தெரபிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் அந்தப் பயிற்சி பாதுகாப்பாக நடக்காது. தெரபிக் குறிப்புகளின் நகலையும் கேளுங்கள்.

பிப்ரவரி 10, மாலை 6:20 / தெரபி பக்கம் இருக்கும் அக்கா
நகல் வந்ததும் ஒரு சொல்லைத் தேடு தம்பி: "உதவி அளவு". போன வாரம் மிதமான உதவி, இந்த வாரம் குறைந்த உதவி என்று மாறியிருந்தால் முன்னேற்றம் நிற்கவில்லை, அவர்கள் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது.

பிப்ரவரி 13, காலை 8:30 / கேட்டவர்
நமக்குச் சாதகமா வந்துடுச்சு. அக்கா சொன்ன மாதிரியே இருந்துச்சு, மிதமான உதவியிலேர்ந்து குறைந்த உதவிக்கு வந்திருந்தாங்க. ரொம்ப நன்றி.

பிப்ரவரி 13, காலை 9:10
நிம்மதி. மற்றவர்களுக்காக: தோற்றால், முடிவு சொன்ன மறுநாள் நண்பகலுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் முடியும் தேதிக்குப் பிறகு தங்கிய நாட்களின் செலவு, கடைசிவரை தோற்றால், உங்களுடையது. அதனால் மேல்முறையீட்டோடு வீட்டு ஏற்பாட்டையும் கூடவே நடத்துங்கள். ஹோம் ஹெல்த்துக்கு மூன்று நாள் விதியும் இல்லை, பங்குத் தொகையும் இல்லை. நர்ஸும் தெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். குளிப்பாட்ட, ஊட்ட, துணைக்கு இருக்க மட்டும் ஆள் வேண்டும் என்றால் மெடிகேர் எங்கேயும் கட்டாது. அது மெடிகெய்டின் வேலை.

மார்ச் 3, இரவு 7:50 / கேட்டவர்
இன்னிக்கு வீட்டுக்கு வந்துட்டோம். 14 படி, கைப்பிடி புடிச்சு, ஒரு ஆள் பக்கத்துல நிக்க ஏறிட்டாங்க. பில் 30 நாளைக்குப் போட்டிருக்காங்க, 6,510.

மார்ச் 3, இரவு 8:25
படி ஏறியது பெரிய சந்தோஷம். பில்லைத் திருப்பி அனுப்புங்கள். ஜனவரி 13 முதல் மார்ச் 2 வரை 49 நாள். வெளியேறிய நாள் கணக்கில் வராது. 20 போக 29 நாள், 217ஆல் பெருக்கினால் 6,293. இன்றைய நாளையும் சேர்த்துவிட்டார்கள்.

காலண்டரில் இரண்டு தேதி குறித்துவையுங்கள். ஏப்ரல் 1க்குள் அதே பிரச்சினைக்கு மறுபடி ரிஹாப் தேவைப்பட்டால், புதிதாக மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதில்லை. 50ஆம் நாளிலிருந்து தொடரும், 51 நாள் மிச்சம். மே 1 வரை மருத்துவமனையிலும் ரிஹாபிலும் படுக்காமல் இருந்தால் 60 நாள் முடிகிறது. அதற்குப் பிறகு எப்போது தேவைப்பட்டாலும் புது 100 நாள், முதல் 20 நாள் பங்குத் தொகை இல்லாமல். ஆனால் மூன்று நள்ளிரவு விதியும், மருத்துவமனையில் கட்ட வேண்டிய 1,736 டாலர் டிடக்டிபிளும் (மெடிகேர் கட்டத் தொடங்கும் முன் நோயாளி கட்டும் தொகை) மறுபடி வரும்.

மார்ச் 5, காலை 9:15 / கேட்டவர்
பில்லைத் திருத்தி 6,293 ஆக்கிட்டாங்க அண்ணா. ரெண்டு தேதியும் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு.